200 யூரோ திருகியும் ஓர் உடைந்த தக்கையும்

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இந்தப் பதிவு பாட்டிலைப் பற்றியது இல்லை, பாட்டிலைத் திறக்கிற சாமானைப் பற்றியது. அம்மா, நீங்க இதைப் படிக்கிறதா இருந்தா இந்த வரியோட நிறுத்திக்கலாம்.

போன வாரம் நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர் (பெயர் வேண்டாம், எல்லாரும் படிச்சிருப்பீங்க) தன் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு கார்க் ஸ்க்ரூவைப் பற்றிப் பதிவு போட்டிருந்தார். மொத்தம் 12 போட்டோ. மாட்டுக்கொம்புக் கைப்பிடி, அதில் முகம் பார்க்கிற அளவுக்கு பாலிஷ், முதுகில் ஒரு தேனீ, படுக்க வைக்க மரப்பெட்டி, பெட்டிக்குள் தோலுறை. விலை கிட்டத்தட்ட 200 யூரோ. இது கருவியே இல்லை, அனுபவம், நிதானத்தைச் சொல்லித்தரும் குரு என்கிற ரேஞ்சுக்குப் போயிருந்தார். பின்னூட்டத்தில் வழக்கம்போல "கலக்கல் தல", "செம பீலிங்ஸ்", "மீ த பர்ஸ்ட்டு".

நானும் ஒரு ஸ்மைலி போட்டுட்டு ஒதுங்கிடலாம்னுதான் போனேன். கை வரலை. பின்னூட்டமா எழுத ஆரம்பிச்சது அனுமார் வால் மாதிரி நீண்டு இங்கே தனிப் பதிவா வந்து நிக்குது. நண்பர் கோவிச்சுக்கக் கூடாது. இதில் உள்குத்து எதுவும் இல்லை, எல்லாமே வெளிக்குத்துதான்.

"நீ ஆபீஸ்ல ஆணி புடுங்கறவன், தக்கை புடுங்கறதைப் பத்திப் பேச உனக்கு என்ன தகுதி?"னு கேக்கலாம். தகுதி இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

வேலை விஷயமா 14 மாசம் பிரான்ஸ்ல துலூஸ் நகரத்தில் இருந்தேன். ஆன்சைட். பொட்டி தட்டுறது, ரொட்டி தின்றது, மழையைத் திட்டுறது, மறுபடியும் பொட்டி தட்டுறது. போய்ச் சேர்ந்த ரெண்டாவது மாசம் அங்கத்திய லீடு தன் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். எட்டு பேர். நான் ஒருத்தன்தான் வெளியூர்க்காரன். அவருக்குக் கல்யாணத்துக்கு வந்த பரிசாம், நண்பர் பதிவில் இருக்கிற அதே வகைத் திருகி, மேலே 'லாகியோல்'னு பொறிச்சிருந்தது. விருந்தாளிக்கு மரியாதைன்னு அதை என் கையில் கொடுத்துட்டாங்க. எட்டு பேரும் சுத்தி நின்னு பார்க்கறாங்க.

சுருளை இறக்கினேன். நேராகத்தான் இறக்கினேன். கொக்கியைப் பாட்டில் விளிம்பில் வெச்சுக் கைப்பிடியைத் தூக்கினேன். தக்கை நல்ல பிள்ளையாப் பாதி வரைக்கும் வந்தது. அதுக்கப்புறம் ஒரு சின்ன 'நறுக்'. மேல் பாதி என் கையில், கீழ்ப் பாதி பாட்டில் கழுத்தில். மிச்சத்தை எடுக்கப் போய் அது உள்ளே விழுந்து, கடைசியில் டீ வடிகட்டி கொண்டு வந்து வடிச்சுக் குடிச்சாங்க. யாரும் திட்டலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. லீடு என் தோளைத் தட்டி, "ஒண்ணுமில்லை, இதுக்குப் பழக்கம் வேணும்"னார். அப்புறம் அஞ்சு நிமிஷம் ஆளாளுக்குத் திருகியைப் பிடிக்கிற விதத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுத்தாங்க. ரொம்ப அன்பா. ராத்திரி மெட்ரோவில் வரும்போது எனக்குள்ள ஓடினது ஒண்ணுதான்: நமக்கெல்லாம் இது சரிப்படாது, நாம வேற ஊர்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. பரிமாறின பொண்ணு பக்கத்து மேசைக்கும் எங்க மேசைக்குமாச் சேர்த்து நாலு பாட்டில் திறந்தா. பேசிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, பாட்டிலைப் பார்க்காமலே. கையில் இருந்தது கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட திருகி, பிடியில் ஏதோ ஒயின் வியாபாரியோட விளம்பரம். என் மூஞ்சியைப் பார்த்து என்ன புரிஞ்சுதோ, "நீங்க திறக்கறீங்களா?"ன்னு நீட்டினா. திறந்தேன். 'பொப்'. தக்கை முழுசா, நேரா, சுண்டுவிரல் மாதிரி வந்து கையில் உக்காந்தது.

அதே கை. நடுவில் ஆறு நாள். ஆறு நாளில் எனக்கு நாகரிகம் வந்துடுச்சா என்ன?

இந்த ஒரு கேள்விதான் இந்தப் பதிவு. மிச்சமெல்லாம் விளக்கவுரை.

கொஞ்சம் எஞ்சினியரிங் பேசுவோம், காலேஜ்ல அரியர் வெச்சுப் படிச்ச மெக்கானிக்ஸ் இதுக்காவது உதவட்டும். ஒயின் பாட்டில் கழுத்தின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதுக்குள்ள போற தக்கையோட விட்டம் 24 மில்லிமீட்டர். எப்படிப் போகுதுன்னா, மெஷின் அதைச் சுத்தி அமுக்கிச் சுருக்கி உள்ளே குத்திடுது. உள்ளே போனதும் விரிஞ்சு கண்ணாடியைக் கெட்டியாப் பிடிச்சுக்குது. திரும்ப வெளியே இழுக்க 20-லிருந்து 40 கிலோ எடையைத் தூக்கற அளவு விசை வேணும். முக்கால் சிமெண்ட் மூட்டைன்னு வெச்சுக்கங்க. அதை ரெண்டு விரல் பருமன் தக்கையில, அது நொறுங்காம, கொடுக்கணும்.

ஆக வேலை ரெண்டு. பிடிக்கணும், இழுக்கணும்.

பிடிக்கிற வேலை சுருளோடது. நடுவில் தீக்குச்சி நுழையற மாதிரி வெற்றிடம் விட்ட சுருள்னா தக்கையைக் கிழிக்காம உள்ளே ஊர்ந்து போகும். தச்சர் துளை போடற ஆகர் மாதிரி நடுத்தண்டு வெச்ச சுருள்னா மரத்தூள் பண்ணிடும். இந்த விஷயத்தில் நண்பரோட திருகி மேல எனக்குக் குறையே இல்லை, போட்டோவில் பார்த்தாலே தெரியுது, நல்ல சுருள்.

இழுக்கிற வேலையிலதான் வில்லங்கம். கொக்கி விளிம்பில் நிக்குது, அதை ஊன்றுபுள்ளியா வெச்சு நெம்பறோம். எட்டாங்கிளாஸ் நெம்புகோல்தான். ஆனா கைப்பிடி மேலே வரும்போது சுருள் மாட்டியிருக்கிற இடம் நேரா மேலே போகாது, வட்டத்தோட ஒரு துண்டு மாதிரி வளைஞ்சு போகும். தக்கைக்கோ நேராத்தான் போகத் தெரியும், அது இருக்கிறது கண்ணாடிக் குழாய்க்குள்ள. பாதி தூரம் வரைக்கும் இந்தச் சண்டை வெளியே தெரியாது. அதுக்கு மேல திருகி தக்கையைப் பக்கவாட்டில் வளைக்க ஆரம்பிக்கும். நீளமான தக்கை, கொஞ்சம் வயசான தக்கைன்னா 'நறுக்'.

இதுக்குத் தீர்வு என்ன? கொக்கித் தகட்டுக்கு நடுவில் இன்னொரு கீல், இன்னொரு படி. கைப்பிடிக்குப் பக்கத்துப் படியை முதல்ல விளிம்பில் வெச்சுப் பாதி தூக்கு, அப்புறம் நுனிப் படிக்கு மாத்தி மீதி தூக்கு. ரெண்டு தடவையும் வளைவு சின்னது, தக்கை ஏறக்குறைய நேரா வரும். பார்சிலோனாவில் பிறந்த 'புல்டாப்ஸ்' திருகியும் அதோட ஆயிரத்தெட்டு நகல்களும் இப்படித்தான் வேலை செய்யுது. அந்தப் பொண்ணு கையில் இருந்ததும் இந்த வகைதான். 8 யூரோ, 10 யூரோ. ஒயின் கடையில் ஒரு பெட்டி வாங்கினா சும்மாவே கொடுத்துடறான்.

நண்பர் கொண்டாடற வகையில் பெரும்பாலானதுக்கு ஒரே கீல், ஒரே படி. ஏன்? ரெண்டாவது கீல் வெச்சா மூடும்போது அந்த நீண்ட மெல்லிய கோடு கெட்டுப்போயிடும். இடுப்பு சிறுத்து வால் வளைஞ்ச அந்த அழகுக்கு இன்னொரு ஆணி இடைஞ்சல். தெரிஞ்சே விட்டிருக்காங்கன்றதுதான் என் குற்றச்சாட்டு. கொம்பு, பாலிஷ், தேனீ, பெட்டி, உறை எல்லாத்துக்கும் கைநீட்டிச் செலவு பண்ணின கை, தக்கை வெளியே வர்ற கடைசி ரெண்டு சென்டிமீட்டர்ல மட்டும் சுருங்கிடுச்சு.

சரி, அதோட விட்டாக்கூடப் பரவாயில்லை. அழகுக்காக ஒரு வசதியை விட்டேன்னு நேர்மையாச் சொல்லிட்டுப் போகலாம், நாமும் பட்டுப் புடவையை வாஷிங் மெஷின்ல போடறதில்லையே. ஆனா அப்படிச் சொல்றதில்லை. அந்தக் குறையை எடுத்து அதுக்கு 'சடங்கு'ன்னு பேர் வெச்சுடறாங்க. கருவி செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யணும், செஞ்சா நீ விஷயம் தெரிஞ்சவன், செய்யலைன்னா பழக்கம் பத்தாதவன். கருவி தோத்தா பழி கைமேல. இதைவிட உசத்தியான ஏற்பாட்டை எந்த டேமேஜரும் யோசிச்சிருக்க முடியாது.

(இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கான்னா, இல்லை. போன வருஷம் ஒரு கிளையண்ட் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் அம்மா ஒருத்தங்க மூணு தடவை புகார் அனுப்பினாங்க, தேதியை மாத்தினா கீழே நிரப்பினதெல்லாம் அழிஞ்சு போகுதுன்னு. மூணு தடவையும் 'பயனர் தவறு'ன்னு மூடினது சாட்சாத் நான்தான். டிசைன் அப்படித்தான்மா, முதல்ல தேதியைப் போட்டுப் பழகிக்கங்கன்னு பதில் வேற. துலூஸ் விருந்து ஞாபகம் வந்த அன்னிக்குப் போய்த் திரும்பத் திறந்து சரி பண்ணினேன். நாப்பது நிமிஷ வேலை. அந்தம்மா எத்தனை மாசம் தன்னை மக்குன்னு நினைச்சிட்டிருந்தாங்களோ.)

"உலகத்தின் பெரிய சொம்லியேக்கள் எல்லாம் இதைத்தானே வெச்சிருக்காங்க?"ன்னு நண்பர் கேட்டிருக்கார். வெச்சிருக்காங்க. அவங்க கையில அது நல்லாவும் வேலை செய்யும். கடைசியில மணிக்கட்டை லேசாத் திருப்பி, தக்கையை விரலால் பிடிச்சு நேராக்கி எடுக்கறாங்க. அது அவங்க வித்தை. சச்சின் ஸ்டம்பை வெச்சு ஆடினாலும் பந்து பவுண்டரிக்குப் போகும், அதுக்காக ஸ்டம்பு நல்ல பேட் ஆயிடுமா?

அடுத்தது பாரம்பரியம். இதுக்குத்தான் நண்பர் நாலு பத்தி ஒதுக்கியிருக்கார். தேனீ சின்னத்தை நெப்போலியனே கொடுத்தாராம். இதே கதையை எனக்கும் சொன்னாங்க. ஒரு லாங் வீக்கெண்ட் பார்த்து, ரூம்மேட்டோட பழைய கார்ல மூணு மணி நேரம் மலையேறி லாகியோலுக்கே போயிருந்தேன். (எழுதறது லாகியோல், அந்த ஊர்க்காரங்க சொல்றது 'லையோல்'. 'ழ'வை வெச்சுக்கிட்டு நாம படற பாட்டை நினைச்சுக்கிட்டேன்.) ஓப்ராக் மேட்டுநிலம், கண்ணுக்கெட்டின தூரம் புல், மை தீட்டின மாதிரி கண்ணோட பழுப்பு மாடுகள். ஊரே கத்திக்கடை. கொஞ்சம் கணக்குப் போடுங்க: நெப்போலியன் செத்தது 1821. லாகியோல் கத்தி உருவானது 1829 வாக்கில். ஆவியா வந்து தேனீ கொடுத்தாரா?

உண்மைக் கதை இதைவிட அழகு, அதைத்தான் யாரும் பெட்டியில் அச்சடிக்கறதில்லை. இது மாடு மேய்க்கிறவங்க கத்தி. 1840 வாக்கில் இதில் ஒரு ஊசி சேர்ந்தது. எதுக்குன்னா, ஈரப்புல்லை அதிகமாத் தின்னு வயிறு உப்பிப்போன மாட்டுக்கு விலாவில் குத்திக் காத்தை வெளியேத்த. குத்தலைன்னா மாடு செத்துடும். கார்க் ஸ்க்ரூ சேர்ந்தது 1880 வாக்கில். அந்த மலைப்பக்கத்து ஜனங்க பிழைப்பு தேடி பாரிஸ் போய்க் கரி வித்து, தண்ணி சுமந்து, அப்படியே காபிக் கடையும் மதுக்கடையும் போட்டாங்க. நாள் பூரா பாட்டில் திறக்கணும். சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கிற கத்தியில் ஒரு சுருள் இருந்தா நல்லதுன்னு கேட்டாங்க, கொல்லன் வெச்சுக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் வேலை கேட்டுச்சு, கத்தி மாறுச்சு. அதுதான் பாரம்பரியம். 1880-ல் மாறின சாமானை இனிமே மாறவே கூடாதுன்னு கொம்புக்குள்ள உறைய வைக்கிறது பாரம்பரியமா, பாடம் பண்ணின புலியா?

பேர் விஷயத்தில் இன்னும் சோகம். 1993-ல் பாரிஸ் பக்கத்து வியாபாரி ஒருத்தர் 'லாகியோல்'ங்கிற பேரை டிரேட்மார்க்கா வளைச்சுப் போட்டுட்டார். கத்தி மட்டும் இல்லாம இன்னும் என்னென்னவோ சாமானுக்கும். பேரை உரிமம் எடுத்து யார் வேணா எங்க வேணா செஞ்சு விக்கலாம். ஊர்க்காரங்களுக்கே அந்தப் பேரில் சாமான் விக்க வழக்கு. 2012-ல் ஒரு தீர்ப்புக்கு எதிர்ப்பு காட்ட, சொந்த ஊர்ப் பேர்ப்பலகையைத் தாங்களே கழட்டினாங்க. ஊர் பேரையே இழந்துட்டோம்னு. 2019-ல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஊருக்குச் சாதகமாத் தீர்ப்பு வந்தது. அதனால கைப்பிடியில் அந்தப் பேர் பொறிச்சிருக்குன்னு மட்டும் வெச்சு, யார் செஞ்சது, எங்க செஞ்சதுன்னு ஒண்ணும் சொல்லிட முடியாது. அன்னிக்கு விருந்தில் என் கையில் உடைஞ்சதுக்கும் இது பொருந்தும், அதனாலதான் எந்தக் கம்பெனியையும் நான் திட்டலை. ஆனா பேரைப் பார்த்து மெய்மறக்கிறவங்களைக் கொஞ்சம் திட்டத் தோணுது.

அந்த ஊர்ல ஒரு கத்தித் தொழிற்சாலை இருக்கு, 1987-ல் ஆரம்பிச்சது. கட்டடத்து உச்சியில வானத்தைக் குத்தற மாதிரி 18 மீட்டர் உசரத்தில் ஒரு கத்தி அலகு. வடிவமைச்சவர் பிலிப் ஸ்டார்க். இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அலெஸ்ஸி கம்பெனிக்காக 1990-ல் அவர் செஞ்ச எலுமிச்சை பிழிஞ்சான் உலகப் பிரசித்தம். மூணு கால் சிலந்தி மாதிரி நிக்கும். அதுக்குத் தங்கமுலாம் பூசின சிறப்புப் பதிப்பு ஒண்ணு வந்தது. அதில் எலுமிச்சை பிழியாதேன்னு கம்பெனியே சொல்லிடுச்சு, புளிப்பு பட்டா தங்கம் போயிடுமாம். அவ்வ்வ்வ்! டொனால்ட் நார்மன்னு ஒரு பேராசிரியர், பொருள்கள் மனுஷனைப் படுத்தற பாட்டைப் பத்தியே காலமெல்லாம் எழுதினவர், அவரே அதை வாங்கி வீட்டு முகப்பில் காட்சிக்கு வெச்சிருக்கிறதா 2004-ல் வந்த தன் புத்தகத்தில் சந்தோஷமா எழுதியிருக்கார். நண்பர் இதைச் சுட்டிக்காட்டலாம்: பார், அவரே ஒத்துக்கிட்டார், மனசுக்குப் பிடிச்சா போதும்னு. நான் என்ன சொல்றேன்னா, அவர் அதைப் பிழிஞ்சான்னு சொல்லலை. சிலைன்னு வெச்சுக்கிட்டார். பிழியாத பிழிஞ்சானால யாரும் விருந்தில் அவமானப்படறதில்லை. திருகியைத்தான் கையில் கொடுத்துத் திறன்னு சொல்றாங்க.

ஆடம்பரமே தப்புன்னு நான் சொல்ல வரலை. இங்கே என்னைக் கம்யூனிஸ்ட்டுன்னு முத்திரை குத்தக் காத்திருக்கிற அனானி நண்பர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 1994-ல் அலெஸ்ஸிக்காக அலெஸ்ஸாந்த்ரோ மெந்தினி செஞ்ச 'அன்னா ஜி' எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாவாடை கட்டின ஒரு பொண்ணு. தலையைத் திருகினா சுருள் இறங்கும், கூடவே ரெண்டு கையும் மேலே எழும்பும், கையை அமுக்கினா தக்கை மேலே வரும். விலை அதிகம்தான். ஆனா அந்த விளையாட்டு கருவி வேலை செய்யற விதத்துக்குள்ளேயே இருக்கு, மேலே ஒட்ட வெச்சது இல்லை. (இந்த ரெட்டைக்கை வகைக்கு பிரெஞ்சுக்காரங்க வெச்ச பட்டப்பேர் 'சார்ல் தெ கோல்'. மேடையில் அந்த ஆளு ரெண்டு கையும் தூக்கற ஸ்டைல். நம்மூர்ல வந்திருந்தா எந்தத் தலைவர் பேர் வெச்சிருப்போம்னு பின்னூட்டத்தில் சொல்லலாம், ஆட்டோ வந்தா நான் பொறுப்பில்லை.)

அதைவிட ஒரு படி மேல டெக்சாஸ்காரர் ஹெர்பர்ட் ஆலன். எண்ணெய்க் கிணறு தோண்டற கருவிகள் செஞ்ச எஞ்சினியர். 1970-களின் கடைசியில் 'ஸ்க்ரூபுல்' செஞ்சார். நீளமான மெல்லிய சுருள், அதுக்கு டெஃப்லான் பூச்சு, பாட்டில் கழுத்தை நேராப் பிடிச்சுக்கிற ஒரு சட்டம். ஒரே பக்கமாத் திருகிக்கிட்டே இருந்தா போதும், சுருள் அடிவரைக்கும் இறங்கி, அப்புறம் தக்கை தானே அதில் ஏறி வெளியே வந்துடும். இழுக்கவே வேண்டாம். மூட்டுவலிக்காரப் பாட்டிகூடத் திறக்கலாம். அதுவும் மலிவில்லை. ஆனா காசு எங்கே போச்சுன்னு பார்த்தா, சுருளுக்குப் போயிருக்கு. இதை வாங்கி நண்பர் 12 போட்டோ போட்டிருந்தா நான் 13-வது கேட்டிருப்பேன்.

தக்கை பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியாகணும். போர்ச்சுகல்ல ஒரு தக்கை ஓக் மரம் வெச்சா, முதல் பட்டை உரிக்க 25 வருஷம். அது கரடுமுரடு, பாட்டிலுக்கு ஆகாது. ஒன்பது வருஷம் கழிச்சு ரெண்டாவது, அதுவும் ஆகாது. இன்னும் ஒன்பது வருஷம் கழிச்சு மூணாவது உரிப்பில்தான் பாட்டில் தக்கைக்குத் தகுந்த பட்டை வரும். 43 வருஷம். மரத்தை வெட்டாம, உள்தோல்ல காயம் படாம கோடாலியால் பட்டையை மட்டும் உரிக்கிற ஆளோட கைத்திறனைப் பார்க்கணும் நீங்க. அங்கே நிஜமாவே பழக்கம் வேணும், வேற வழி இல்லை, மரம் வளைஞ்சு நெளிஞ்சுதான் நிக்கும். அப்படி வந்த பொருளை அழகான இடுப்புக்காகப் பாதியில ஒடிக்கிறதுக்குப் பேர் நிதானமாம். ஸ்ஸ்ஸப்பா. இதுக்கு ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்குக்காரங்க 2000-ல் செஞ்ச மாதிரி எல்லாரும் திருகுமூடிக்கே போயிடலாம். நம்ம டாஸ்மாக் குவார்ட்டர் குடிமகன் அந்த விஷயத்தில் என்னிக்கோ முன்னேறிட்டார்.

கைவேலை பத்தி நண்பர் சொன்னது மட்டும் நூத்துக்கு நூறு சரி. அதை ஒத்துக்கிட்டே ஆகணும், எங்கப்பா கையால ஒத்துக்க வெச்சுட்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது டீம்ல எல்லாருமாச் சேர்ந்து எனக்குப் பிரிவுப் பரிசு கொடுத்தாங்க. என்னன்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. மரப்பெட்டி, தோலுறை, கொம்புப் பிடி. கிண்டல் இல்லை, பாசம்தான். அதைக் கோயமுத்தூருக்குக் கொண்டு வந்தேன். அப்பா 31 வருஷம் லேத் பட்டறையில் டர்னர். சொட்டு குடிச்சதில்லை. பெட்டியைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போயிட்டார். முதுகுப்பட்டையில் வரிவரியா இருக்கிற வேலைப்பாட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது மெஷின்ல போட்டதில்லடா கண்ணு. அரத்துல, கையிலயே செஞ்சிருக்கான். இங்க பாரு, இந்த வரி அதைவிட ஒரு மயிரிழை ஆழம். நல்ல வேலைக்காரன்."

அப்புறம் கொக்கியை விரிச்சார். இது எதுக்குன்னு கேட்டார். விளக்கினேன். சமையக்கட்டிலிருந்து காலி எண்ணெய் பாட்டில் ஒண்ணைக் கொண்டு வந்து, விளிம்பில் கொக்கியை வெச்சு, வெறும் காத்துல கைப்பிடியை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். பத்து செகண்டு இருக்கும்.

"ஏஞ்சாமி, இது பாதிக்கு மேல கோணலால்ல இழுக்கும்?"

எட்டு பேர் சுத்தி நின்ன அந்த ராத்திரி எனக்கு யாரும் சொல்லாதது. தொண்டையில் என்னவோ அடைச்சது. ஆமாங்கப்பா, நடுவுல இன்னொரு கீல் வெச்சது தனியா வருது, எட்டு யூரோதான்னேன்.

"அப்ப இவ்வளவு வேலை தெரிஞ்சவன் ஏன் வெக்கல?"

"வெச்சா அழகு போயிடும்னு சொல்றாங்கப்பா."

அப்பா ஒண்ணும் சொல்லலை. மறுபடியும் அந்த அரவேலையைத் தடவிப் பார்த்தார். "பாவம், இவனைக் கேட்டிருந்தா வெச்சுக் கொடுத்திருப்பான்"னார். செஞ்சவனைச் சொன்னார், விக்கிறவனை இல்லை.

இப்ப அது அவரோட டூல் பாக்ஸ்ல இருக்கு. அதில் இருக்கிற குட்டிக் கத்தியால கூரியர் பார்சல் பிரிக்கிறார். கொம்பு வெடிக்காம இருக்க மாசம் ஒரு தடவை தேங்காயெண்ணெய் தடவறார்.

நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க பதிவை நான் நாலு தடவை படிச்சேன், போட்டோக்களைப் பெருசு பண்ணியும் பார்த்தேன். கொம்பு இருக்கு, தேனீ இருக்கு, பெட்டி இருக்கு, ஜன்னல் வெளிச்சத்தில் சுருளோட நிழல் இருக்கு, பக்கத்தில் திறந்த பாட்டில்கூட இருக்கு. தக்கை ஒண்ணுலகூட இல்லை. அது எங்கேங்க?